65 ரூபாய் எப்படி 235 ரூபாய் ஆச்சு?

பழைய கிராமத்துப் படங்களைப் பத்தி டவுன்ல இருக்கிற சினிமா ரசிகர்கள் பேசறப்ப ஒரு வார்த்தை தவறாம வரும். யதார்த்தம். மண் ரோடு, ஓட்டு வீடு, மரத்தடியில நாலு பெருசுங்க, கேமரா நிதானமா நகருது, பின்னாடி இளையராஜா. உடனே யதார்த்தமான படம்னு முத்திரை குத்திருவாங்க. எனக்கும் அதெல்லாம் பிடிக்குமுங்க. ஆனா எங்க ஊர்ல நாலு பேர் உக்காந்து அதே படத்தைப் பாத்தா பேச்சு வேற பக்கம் போயிருது. அந்த வீட்டுக்குக் கடன் எவ்வளவு? வட்டி எத்தனை? கெணத்துல தண்ணி எத்தனை அடியில கெடக்குது? இதுக்குப் பதில் சொல்லாத படம் எவ்வளவு அழகா இருந்தாலும் எங்களுக்குப் பொங்கல் வாழ்த்து அட்டை மாதிரிதான்.

சித்திரை கடைசியில ஆரம்பிச்சு ஆனி முடியற வரைக்கும் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு பழைய படமாப் பாத்துட்டு இருந்தோம். கோடையில ராத்திரி வேலை ஒண்ணும் பெருசா இல்லை, வீட்டுக்குள்ள படுக்கவும் முடியலை. வாசல்ல டிவியைத் தூக்கி வெச்சாச்சு. நானும் வீட்டுக்காரியும், பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் அண்ணியும், பால் ஊத்தற இடத்துல வேலை பாக்கற ஒரு மாப்பிள்ளை, 80 வயசைத் தாண்டின எங்க பெரியப்பா. இவ்வளவுதான் கூட்டம். இந்திப் படத்துக்கு மட்டும் அண்ணன் மக வந்து உக்காந்துக்கும். காலேஜ் படிக்குது. அடியில ஓடற இங்கிலீசைப் படிச்சு எங்களுக்குத் தமிழ்ல சொல்லும். பேரெல்லாம் போடலை. நான் எழுதறதை ஊர்லயும் படிக்கறாங்க, அப்புறம் கடை வீதியில நடமாட முடியாது.

முதல்ல போட்டது எம்.ஜி.ஆரோட 'விவசாயி'. 1967-ல வந்தது. நம்ம கோயமுத்தூர்க்காரர் சின்னப்பா தேவர் எடுத்த படம், அவரோட தம்பி எம்.ஏ.திருமுகம் டைரக்சன். பெரியப்பா கேட்டதால போட்டோம். படிச்சுட்டு வந்து விவசாயம் பாக்கற பணக்கார வீட்டுப் பிள்ளையா எம்.ஜி.ஆர். வராரு. சட்டையில ஒரு சொட்டுச் சேறு இல்லை. மாப்பிள்ளை சிரிச்சுட்டே இருந்தான். "ஏனுங்க பெரியப்பா, இவரு எப்பத்தான் தண்ணி கட்டுவாரு?"ன்னான். பெரியப்பாவுக்குக் கோவம் வந்துருச்சு. "டேய், அந்தக் காலத்துல பண்ணையம் பாக்கறவன்னா டவுன்ல பஸ்ஸுல பக்கத்துல உக்கார மாட்டாங்கடா. அவரு விவசாயின்னு பேரு வெச்சு ஒரு படத்துல நடிச்சப்ப எங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா"ன்னாரு.

இதுல நான் பெரியப்பா கட்சி. அந்தப் படத்துல விவசாயம் பொய். மரியாதை நிஜம். பொய்யான விவசாயத்தை வெச்சு நிஜமான மரியாதையை வாங்கிக் குடுத்துட்டாங்க. இப்ப வர்ற விவசாயப் படங்கள்ல கடைசி அரை மணி நேரம் ஈரோ மைக்கைப் புடிச்சு எங்களுக்காக அழறாரு. ரெண்டுல எது பரவாயில்லைன்னு கேட்டா நான் சுத்தமான சட்டையைத்தான் சொல்லுவேன்.

அதுக்கும் பத்து வருசம் முந்தி வந்தது 'மக்களைப் பெற்ற மகராசி'. 1957. சிவாஜி, பானுமதி. படம் முழுக்க சிவாஜி எங்க கொங்குத் தமிழ்ல பேசறாரு. ஏ.பி.நாகராசன் வசனம், அவரு சங்ககிரிப் பக்கத்து ஆளு, அதனால காதுல உறுத்தாம வருது. உழவையும் மாட்டையும் பத்தி மருதகாசி எழுதின பாட்டு இந்தப் படத்துலதான், 'விவசாயி' படத்துப் பாட்டும் அவரு எழுதினதுதான். டவுன்காரங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அந்தப் படத்துல கொங்குப் பேச்சு பேசறது கதாநாயகன். அப்புறம் வந்த படங்கள்ல அதே பேச்சு சிரிப்புக்கு ஒதுக்கின பேச்சா ஆயிருச்சு. "ஏனுங்க"ன்னு ஒருத்தர் வாயைத் தொறந்தாலே தியேட்டர்ல சிரிக்கறாங்க. எங்க ஊட்ல பொணம் கெடக்கறப்பவும் நாங்க அப்படித்தானுங்க பேசுவோம்.

'உதிரிப்பூக்கள்' பாத்தோம். மகேந்திரன், 1979. புதுமைப்பித்தனோட 'சிற்றன்னை' கதையிலேருந்து எடுத்தது. எங்களுக்குப் பக்கமா மேட்டுப்பாளையத்துப் பவானி ஆத்தங்கரையில எடுத்த படம்கறதால ஆத்தைக் காட்டறப்பெல்லாம் "இது எந்த எடம், இது எந்த எடம்"னு ஒரே சத்தம். நல்ல படம். ரொம்ப நல்ல படம். ஆனா கிராமத்துப் படம்னு சொல்லாதீங்க. அது ஒரு வீட்டைப் பத்தின படம். அந்த வீடு டவுன்ல இருந்தாலும் அதே கதைதான். கடைசியில ஊரே சேந்து சுந்தரவடிவேலை ஆத்துல இறங்கச் சொல்லறதை எல்லாரும் பெருசாப் பேசறாங்க. எங்க ஊட்டுக்காரி ஒரே கேள்விதான் கேட்டா. "லட்சுமி உசுரோட இருந்து சித்ரவதை பட்டப்ப இந்த ஊர்க்காரனுங்க எங்க போயிருந்தாங்க?" ஊர் கோவப்படறது அவன் மச்சினியை அவமானப்படுத்தினதுக்கு அப்புறம். பொண்டாட்டியை உள்ள வெச்சு வாட்டற வரைக்கும் அது அவன் குடும்ப விசயம். மகேந்திரனுக்கு இது தெரிஞ்சுதான் எடுத்திருக்காருன்னு நான் நினைக்கறேன். ஆத்தங்கரையில நிக்கற அந்த ஊரை நல்லவங்க கூட்டமா அவரு காட்டலை. நல்லாப் பாருங்க.

இனி நான் எழுத வந்த படத்துக்கு வர்றேன். 'தோ பிகா ஜமீன்'. பிமல் ராய் எடுத்த இந்திப் படம், 1953. கறுப்பு வெள்ளை. தலைப்புக்கு ரெண்டு பிகா நிலம்னு அர்த்தம். பிகாங்கறது இடத்துக்கு இடம் மாறும், வங்காளத்துல ஏறக்குறைய ஒரு ஏக்கர்ல மூணுல ஒரு பங்கு. அதாவது அந்தக் கதையில வர்ற சம்புகிட்ட இருக்கிறது நம்ம கணக்குக்கு 66 சென்ட். பொண்டாட்டி, ஒரு பையன், வயசான அப்பன். ஜமீன்தார் டவுன் முதலாளிகளோட சேந்து மில்லு கட்டப் போறாரு. நடுவுல இந்த 66 சென்ட் நிக்குது. விக்க மாட்டேங்கறான். அப்படின்னா வாங்கின கடனை நாளைக்கே கட்டுங்கறாரு.

இந்த இடத்தை டவுன்காரங்க பத்து நிமிசத்துல தாண்டிப் போயி, கல்கத்தாவுல ரிக்‌ஷா இழுக்கறதைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருவாங்க. நாங்க இந்த இடத்தைத் திருப்பித் திருப்பி மூணு தடவை போட்டுப் பாத்தோம். சம்புவோட கணக்குல கடன் 65 ரூபாய். வீட்டுச் சாமானையெல்லாம் வித்து, பொண்டாட்டி நகையையும் சேத்து எடுத்துட்டுப் போறான். ஜமீன்தார் நோட்டுல 235 ரூபாய் இருக்குது. சம்பு ஜமீன் வீட்டுல செஞ்ச வேலைக்குக் கடன்ல கழிச்சுக்கணும்னு பேச்சு. ஆனா அதுக்குத் துண்டுச் சீட்டு இல்லை. கோர்ட்டுக்குப் போறான். கோர்ட்டு என்ன கேக்கும்? சீட்டு எங்கேன்னு கேக்கும். மூணு மாசம் தவணை, கட்டலைன்னா நிலம் ஏலம்.

அண்ணன் மக இதைத் தமிழ்ல சொல்லி முடிச்சதும் வாசல்ல ஒரு சத்தம் இல்லை. அப்புறம் பெரியப்பா, "ரசீது வாங்காம வேலை செஞ்சிருக்கான் பாரு"ன்னாரு. ஏதோ பக்கத்து ஊட்டுப் பையனைத் திட்டற மாதிரி.

டவுன்ல இருக்கிறவங்களுக்கு ஒரு விசயம் சொல்லணும். 65 ரூபாய் 235 ஆகறதுக்குப் பொய்க் கணக்குகூட வேண்டியதில்லைங்க. ஊர்ல மூணு வட்டின்னு சொல்லுவாங்க. அது வருசத்துக்கு மூணு சதவீதம்னு நெனைச்சுக்காதீங்க. மாசத்துக்கு நூத்துக்கு மூணு ரூபாய், வருசத்துக்கு 36. வட்டியையே கட்ட முடியாம அதையும் முதலோட சேத்து எழுதினா மூணு வருசத்துல முதல் ரெண்டு மடங்கைத் தாண்டிரும். கால்குலேட்டர் வெச்சுப் போட்டுப் பாருங்க. இதுல அஞ்சு வட்டி, பத்து வட்டியெல்லாம் நான் சேக்கலை. ரெண்டு வருசத்துக்கு முந்தி வாழைத்தார் ஒரு வியாபாரிக்குப் போட்டேன். காம்புக் கழிவு, எடைக் கழிவு, ஏத்துக்கூலி, எறக்குக்கூலின்னு அவரு பேனாவுல கழிச்சுட்டு வந்தப்ப நான் மனசுல போட்ட கணக்குக்கும் அவரு கையில குடுத்த காசுக்கும் பதினோராயிரம் வித்தியாசம். எல்லாத்துக்கும் காரணம் இருந்துச்சு. எல்லாம் சீட்டுல இருந்துச்சு. அந்த வியாபாரியைக் கெட்டவன்னு சொல்ல முடியாது. பேனா அவரு கையில இருந்துச்சு, அவ்வளவுதான்.

சம்புவா நடிச்ச பல்ராஜ் சாஹ்னி சாந்தி நிகேதன்ல வாத்தியாரா இருந்தவர், லண்டன் பி.பி.சி.யில வேலை பாத்தவர். மெத்தப் படிச்சவர். இந்தப் படத்துக்காக நிஜமாவே ரிக்‌ஷா இழுத்துப் பழகினாராம். எங்களுக்கு அதெல்லாம் பின்னாடிதான் தெரியும். படம் ஓடறப்ப மாப்பிள்ளை சொன்னது, "இந்த ஆளு நடக்கறது சரியா இருக்குதுங்க". உண்மைதான். மண்ணுல நடந்து பழகின கால் தார் ரோட்டுல எப்படித் தடுமாறும்னு அவரு காட்டறாரு. ஒரு இடத்துல ரிக்‌ஷாவுல உக்காந்திருக்கறவன் இன்னும் வேகமா ஓடு, காசு சேத்துத் தர்றேன்னு ஏத்திவிட்டுட்டே போவான். முன்னாடி போற ரிக்‌ஷாவுல ஒரு பொண்ணு போகுது, அதைப் புடிக்கணும், அதுக்கு விளையாட்டு. இவனுக்கு ஒவ்வொரு ரூபாயும் நிலம். ஓடி ஓடிச் சக்கரம் கழண்டு விழுவான். எங்க ஊட்டுக்காரி அந்த இடத்துல எந்திரிச்சு உள்ள போயிட்டா. தண்ணி குடிக்கப் போனேன்னு சொன்னா.

முடிவு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். பணம் சேரலை. நிலம் ஏலம் போயிருது. மூணு பேரும் திரும்பி வந்து கம்பி வேலிக்கு வெளிய நின்னு மில்லு கட்டறதைப் பாக்கறாங்க. சம்பு குனிஞ்சு ஒரு பிடி மண்ணை எடுப்பான். காவக்காரன் அதைத் திருட்டுன்னு நெனைச்சு விரட்டுவான். கையைத் தொறந்து காட்டி, மண்ணைக் கீழ விட்டுட்டுப் போவான். அவ்வளவுதான்.

நான் அன்னைக்கு டிவியைப் பாக்கலை. பக்கத்துல உக்காந்திருந்த அண்ணனைத்தான் பாத்துட்டு இருந்தேன்.

காரணம் இருக்குது. அண்ணனோட ரெண்டரை ஏக்கருக்குப் பங்குனியிலயே அட்வான்ஸ் வாங்கியாச்சு. மனை போடறவங்க. ஆடி முடிஞ்சு ஆவணியில கிரயம். மூத்த மக கல்யாணத்துக் கடன், அண்ணியோட ஆஸ்பத்திரிச் செலவு, ரெண்டு போர் போட்டு ரெண்டும் புகையாப் போனது. எல்லாம் ஊருக்கே தெரிஞ்ச கணக்கு. இந்தப் படத்தை இவரை வெச்சுட்டு போட்டிருக்கக் கூடாதோன்னு மாப்பிள்ளை என் காதுல கிசுகிசுத்தான். ஆனா அந்தப் படம் வேணும்னு தேடிப் புடிச்சுட்டு வந்ததே அண்ணன் மகதான்.

அண்ணன் கடைசியில பேசினாரு. "அவனுக்கு ஜமீன்தார் இருந்தான், திட்டறதுக்கு. எனக்கு யாரு இருக்கா? அந்தப் பையன் வந்தப்பெல்லாம் அங்கிள் அங்கிள்னு கூப்பிட்டான். அம்மா ஒடம்பு எப்படி இருக்குதுன்னு கேட்டான். நாந்தானே கையெழுத்துப் போட்டேன்."

பழைய படங்கள்ல எங்களுக்கு இருக்கிற பெரிய குறை இதுதான்னு அன்னைக்குத் தோணுச்சு. கடனை அவங்க சரியாக் காட்டினாங்க. நிலம் போறதை ஒவ்வொரு படியாக் காட்டினாங்க. ஆனா வாங்கறவனுக்கு ஒரு மீசையும் ஒரு கைத்தடியும் குடுத்துட்டாங்க. இப்ப வாங்கறவன் நல்லாப் பேசறான், சொன்ன விலை குடுக்கறான், பேங்க்ல போடறான். ஏமாத்தலை. ஆனாலும் நிலம் போகுது. இந்த மாதிரி யார் மேலயும் குத்தம் சொல்ல முடியாத ஒரு போக்கைப் படமா எடுக்க இன்னைக்கு வரைக்கும் ஆள் வரலை. வந்திருந்தா எனக்குச் சொல்லுங்க, அடுத்த வாரம் போடறோம்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். இந்தப் படத்தைப் பாத்துட்டு டவுன் நண்பர்கள் சில பேர் "விவசாயி நிலத்தை விக்கவே கூடாது"ன்னு உருகறாங்க. தயவு செஞ்சு அண்ணன் மாதிரி ஆளுககிட்ட அதைச் சொல்லிடாதீங்க. நீங்க இருக்கிற அபார்ட்மெண்டும் ஒரு காலத்துல யாரோ கையெழுத்துப் போட்டுக் குடுத்த காடுதான். அண்ணன் விக்கறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு அதுல நஷ்டம் இருக்கும்போதே சொல்ல மாட்டேன். ஏன்னா எங்க ரெண்டு பேருக்கும் பொதுவான கெணறு அவரு நெலத்துலதான் இருக்குது. எங்க தாத்தா காலத்துல எழுதின பத்திரத்துல பாதிப் பங்கு எனக்கு. மனை விக்கறவங்க அதைச் சுத்தி வேலி போட்டுப் பூங்கான்னு வரைபடத்துல காட்டியிருக்காங்க. வண்டித் தடம் வரைபடத்துலயே இல்லை. என்னோட மூணேகால் ஏக்கருக்கு அந்தக் கெணறுதான் உசுரு. பத்திரத்தை எடுத்துட்டு ஒரு வக்கீலைப் பாத்துட்டு வந்திருக்கேன். தாத்தா ரசீது வாங்காத ஆளு இல்லைங்கறது மட்டும்தான் இப்போதைக்குத் தெம்பு. அண்ணனுக்கும் இது தெரியும். ரெண்டு பேரும் பேசிக்கலை. ஆனா படத்துக்கு வர்றதை அவரு நிறுத்தலை, நானும் அவரு நாற்காலியைப் போடறதை நிறுத்தலை.

அந்த வாரமே 'மதர் இந்தியா' போட்டோம். மெஹ்பூப் கான், 1957. ஆஸ்கார் போட்டி வரைக்கும் போன படம். இதுலயும் கடன்தான். கல்யாணத்துக்கு மாமியார் வாங்கின 500 ரூபாய். வட்டிக்கு வெளைச்சல்ல நாலுல மூணு பங்கு சுகிலாலாவுக்குப் போகுது. எழுதப் படிக்கத் தெரியாத குடும்பம், ஊர்ப் பெருசுங்க பஞ்சாயத்து வெச்சும் லாலா எழுதினதுதான் செல்லுது. பாறையைப் பெயர்க்கப் போயி புருசனுக்கு ரெண்டு கையும் போயிருது. வெள்ளம் வருது. நர்கிஸ் ஏரைத் தானே தோள்ல இழுக்கறாங்க.

அந்தப் படத்துல கடைசியா அம்மாவே மகன் பிர்ஜுவைச் சுட்டுடுவாங்க, ஊர்ப் பொண்ணைத் தூக்கிட்டுப் போறான்னு. இதை வெச்சு எங்க ஊட்டுக்காரிக்கும் அண்ணிக்கும் ரெண்டு நாள் சண்டை. எங்க ஊட்டுக்காரி, "பெத்தவ சுட மாட்டா. இது ஆம்பளை எழுதின கதை"ன்னா. அண்ணி, "ஊர் மானம்னு ஒண்ணு இருக்குது, தூக்கிட்டுப் போறது யாரு பெத்த புள்ளை? நானா இருந்தாலும் சுட்டிருப்பேன்"னாங்க. ரெண்டாவது நாள் வெங்காயம் உரிச்சுட்டு இருக்கறப்ப எங்க ஊட்டுக்காரி ஒண்ணு சொன்னா. "அந்த 500 ரூபாயை முதல் வருசமே யாராச்சும் கணக்குப் பாத்திருந்தா அவ துப்பாக்கியே தூக்கியிருக்க வேண்டாமே." எத்தனையோ பேர் அந்தப் படத்துல தாய்நாட்டைப் பாக்கறாங்க, தியாகத்தைப் பாக்கறாங்க. எனக்கு எங்க ஊட்டுக்காரி சொன்னதுதான் சரியாப் படுது.

'தண்ணீர் தண்ணீர்' எங்க வாசல்ல கட்சி பிரிச்ச படம். கோமல் சுவாமிநாதனோட நாடகத்தை 1981-ல பாலசந்தர் படமா எடுத்தாரு. கோவில்பட்டிப் பக்கம் அத்திப்பட்டிங்கற தண்ணியில்லாத ஊர். மனு குடுத்துக் குடுத்து ஓய்ஞ்சு போன சனம். வெள்ளைச்சாமிங்கற தலைமறைவு ஆளு மாட்டு வண்டியில தூரத்திலேருந்து தண்ணி கொண்டு வர்றான். அதையும் கெடுக்கறாங்க. ஓட்டுப் போட மாட்டோம்னு பாக்கறாங்க. அப்புறம் ஊரே சேந்து தாங்களே கால்வாய் வெட்ட ஆரம்பிக்கறாங்க. அதுக்கும் போலீஸ் வருது. சரிதா நடிப்பைப் பத்தி நான் புதுசாச் சொல்ல ஒண்ணுமில்லை.

எனக்கு இந்தப் படத்துமேல ஒரு மனத்தாங்கல். தோல்வியில முடிச்சுட்டாங்கன்னு இல்லை. கசப்பா முடிஞ்சாத்தான் நல்ல படம்னு டவுன் ரசிகர்கள் ஒரு கணக்கு வெச்சிருக்காங்க பாருங்க, அதுமேல. பாலசந்தர் அதைக் கோவத்துல எடுத்தாரு, அது தெரியுது. பாக்கறவங்க அதைக் கலையா எடுத்துட்டு, "என்ன ஒரு முடிவு!"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. மாப்பிள்ளைதான் கேட்டான், "அத்திப்பட்டி மாதிரி ஊருக்கெல்லாம் அப்புறம் தண்ணி வந்துச்சுங்களா?"

எங்க பக்கத்துக் கதையைச் சொல்லறேன். அத்திக்கடவு - அவிநாசித் திட்டம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. பவானியில உபரியாப் போற தண்ணியை எங்க மாதிரி மேட்டுக் காடுகளுக்குக் கொண்டு வரணும்னு 60 வருசத்துக்கு மேல கேட்டுட்டு இருந்தோம். எங்க அப்பா மனுவுல கையெழுத்துப் போட்டாரு. நான் போட்டேன். 2016-ல அவிநாசியில சனங்க உண்ணாவிரதம் உக்காந்தாங்க. ஒவ்வொரு தேர்தலுக்கும் அது மேடையில வந்துட்டுப் போகும். கடைசியில 2024 ஆகஸ்ட்ல தொறந்தாங்க. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து ஆறு நீரேற்று நிலையம் வெச்சு, ஒன்றரை டி.எம்.சி. தண்ணியைக் குழாய்ல கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டத்துல 1,045 குளம் குட்டைக்கு விடறதுன்னு திட்டம். எங்க குளத்துக்கும் தண்ணி வந்துச்சு. ரொம்பி வழிஞ்சு ஓடலை. ஆனா வந்துச்சு. அன்னைக்குப் பெரியப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு முழங்கால் வரைக்கும் இறங்கி நின்னாரு. எங்க அப்பா இல்லை.

தண்ணி வந்ததுனாலதான் அண்ணன் நெலத்துக்கு இந்த விலையே வந்துச்சுங்கறது வேற கதை. இதைக் கோமல் சுவாமிநாதனே உக்காந்து யோசிச்சிருந்தாலும் எழுதியிருக்க மாட்டாரு.

அதனால பழைய படம் பாக்கற டவுன் நண்பர்களுக்கு என் அபிப்பிராயம் என்னன்னா, படம் மெதுவாப் போகுதுன்னு சொல்லறதை முதல்ல விடுங்க. நாங்க வெதைச்சுட்டு நாலு மாசம் பாத்துட்டே உக்காந்திருக்கறவங்க, எங்களுக்கு இந்த வேகம்தான் சரியா இருக்குது. மிகை நடிப்புன்னும் சொல்லாதீங்க. டூரிங் கொட்டாயில தரை டிக்கெட்டு எடுத்து, மணலைக் குவிச்சு மேல உக்காந்து, பக்கத்துல ஒருத்தன் முறுக்கு கடிக்கறப்ப, ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவுல கேக்கணும்னா சிவாஜி அப்படித்தான் பேசணும். உங்க காதுக்குள்ள ஒயர் மாட்டிட்டுக் கேக்கறதுக்கு அவரு பேசலை. அப்புறம், '16 வயதினிலே' பாத்துட்டு "எங்க தமிழ்நாட்டுக் கிராமம் எப்படி இருந்துச்சு பாருங்க"ன்னு ஏங்கறவங்களுக்கு ஒரு சேதி. அதைப் பெரும்பாலும் எடுத்தது கர்நாடகாவுல, கொள்ளேகால் பக்கம். மண்ணு மண்ணுதான், எனக்கு ஆட்சேபணை இல்லை. நீங்க எதுக்காக ஏங்கறீங்கன்னு மட்டும் ஒரு தடவை பாத்துக்கங்க. அந்தப் படத்துல மயிலுக்கும் சப்பாணிக்கும் நடக்கறதெல்லாம் ஏங்கற மாதிரி வாழ்க்கையா என்ன?

அடுத்து 'பதேர் பாஞ்சாலி' போடலாம்னு நான் சொன்னேன். சத்யஜித் ரே. அண்ணன் மகளுக்குப் பரிச்சை வருதாம், இங்கிலீஸ் படிச்சுச் சொல்ல ஆள் இல்லை. அதுவும் இல்லாம, போதுமப்பா அழுவாச்சின்னு பெண்கள் ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்துட்டாங்க. பெரியப்பாவும் அந்தப் பக்கம் சாஞ்சுட்டாரு. அதனால வர்ற ஞாயித்துக்கிழமை 'காதலிக்க நேரமில்லை'. ஸ்ரீதர், 1964. ஆளியார்ல எடுத்த படம், எங்க பக்கம்தான். கடன், வட்டி, ஏலம் ஒண்ணும் கெடையாது. நாகேஷ் கதை சொல்ல பாலையா பயந்து நடுங்கறதுக்கு அண்ணன் எப்பவும் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிப்பாரு. நாற்காலி ஆறு போடணும்.